உங்கள் மனதில் நின்ற இந்தியக் கிரிக்கெட் சீசன் எது?

2023-24. உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தோற்றோமே, அந்த சீசனா என்று கேட்பீர்கள். அதேதான். நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் டிராவிஸ் ஹெட் 137 அடித்த பிறகு, எங்கள் கோத்தகிரி டீக்கடையில் ரொம்ப நாளைக்கு யாரும் கிரிக்கெட் பேச்சையே எடுக்கவில்லை.

என்னை மறுபடி இழுத்து வந்தது மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பை. தமிழ்நாடு அணிக்கு சாய் கிஷோர் கேப்டன். கோயம்புத்தூரில் ஸ்ரீ ராமகிருஷ்ணா கல்லூரி மைதானத்தில் சண்டிகருக்கு எதிராக ஜெகதீசன் 321 அடித்தார். பிப்ரவரியில் காலிறுதியும் அங்கேதான், எதிரணி நடப்புச் சாம்பியன் சௌராஷ்டிரா. காலை முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவை போய்விட்டேன்.

அதே நாட்களில் ராஞ்சியில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட். ஞாயிற்றுக்கிழமை அங்கே அஸ்வின் 5 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 145 ரன்னில் சுருட்டினார். இங்கே நம் பையன்கள் சௌராஷ்டிராவை 122-க்கு முடித்து, இன்னிங்ஸ் மற்றும் 33 ரன் வித்தியாசத்தில் வென்றார்கள். முதல் இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்த சாய் கிஷோர், பேட்டிங்கிலும் 60 அடித்திருந்தார். இந்திய அணியில் இடமிழந்த புஜாரா எதிரணியில் ஆடினார். அவர் முன்காலை நீட்டித் தடுக்கும்போது மட்டையில் பந்து படும் சத்தம் எங்கள் காதுக்கே வந்தது. டிவியில் எத்தனை மேட்ச் பார்த்தாலும் அது கிடைக்காது.

சுழற்பந்து என்றால் எங்கள் பக்கம் தனிப் பிரியம். ஹட்டி (படுகர் ஊர்) மைதானங்கள் குறுகல், நீளமாக ஓடி வந்து வீச இடம் கிடையாது, பந்து ஓரம் தாண்டினால் தேயிலைக்குள் இறங்கித் தேட வேண்டும். இங்கே வளரும் பையன்களில் பாதிப் பேர் ஸ்பின்னர்தான். அதனால் ராஜ்கோட்டில் அஸ்வின் 500-வது டெஸ்ட் விக்கெட்டை எடுத்ததும், மார்ச்சில் தரம்சாலாவில், எங்களைப் போன்ற ஒரு மலையூரில், தன் 100-வது டெஸ்டில் 9 விக்கெட் எடுத்ததும் எங்கள் வீட்டு விசேஷம் போல இருந்தது.

அப்புறம் அரையிறுதி. மும்பையில் டாஸ் வென்று பேட்டிங் எடுத்தோம், 146-க்கு ஆல் அவுட். மும்பையை 106-க்கு 7 விக்கெட் என்று தள்ளியும் ஷர்துல் தாக்கூர் 109 அடித்து ஆட்டத்தையே பறித்துக்கொண்டார். இன்னிங்ஸ் மற்றும் 70 ரன் தோல்வி. பேட்டிங் எடுத்த முடிவைப் பயிற்சியாளரே வெளிப்படையாகக் குறை சொன்னது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பல வருடம் கழித்து அணியை அரையிறுதிக்குக் கூட்டி வந்தவர் கேப்டன் சாய் கிஷோர். தோற்ற அந்த ஆட்டத்திலும் 6 விக்கெட் எடுத்தவர் அவர். சீசன் முழுக்க 53 விக்கெட், அந்த ஆண்டு ரஞ்சியில் அதுதான் முதலிடம். அந்தப் பந்துவீச்சுக்கு ஒரு டெஸ்ட் தொப்பி கிடைத்திருக்க வேண்டும் என்று இன்றும் சொல்வேன்.