வீடு அவருடையது, பீரோ உங்களுடையது

கேள்வி: நண்பருடன் வாடகை வீட்டில் இருக்கிறேன். வீட்டு உரிமையாளர் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார். நானும் தனியாக எடுக்க வேண்டுமா? எவ்வளவு தொகைக்கு?

பதில்: எடுத்துவிடுங்கள். உரிமையாளரின் பாலிசி கட்டடத்துக்கு. தீப்பிடித்தால் சுவரும் கூரையும் அதில் சரியாகும்; உங்கள் கட்டிலுக்கும் துணிமணிக்கும் அதிலிருந்து காசு வராது.

எவ்வளவு தொகை என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். படிவத்தில் ஏதோ ஒரு மனக்கணக்கை எழுதிவிடுவார்கள். ஒரு நாள் சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு அறை அறையாக வீடியோ எடுங்கள். பீரோவைத் திறங்கள், பரணைப் பாருங்கள், சமையலறை இழுப்பறையையும் விடாதீர்கள். டிவியும் ஃபிரிட்ஜும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். போர்வை, பாத்திரம், செருப்பு எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு ஆகும் என்பது கூட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். இன்றைய கடை விலையில் கூட்டுங்கள். அப்புறம் வீடியோவை இணையத்திலும் சேமித்து வையுங்கள். வீட்டோடு போனும் எரிந்துபோகலாம்.

பிரீமியம் குறையட்டும் என்று மதிப்பைக் குறைத்துக் காட்டுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பொருட்களின் மதிப்பில் பாதிக்கு மட்டும் பாலிசி எடுத்திருந்தால், சின்ன சேதத்துக்குக்கூடப் பாதிப் பணம்தான் தருவோம் என்ற விதி பல பாலிசிகளில் உண்டு.

அடுத்து, நஷ்டத்தை எந்த விலைக்குக் கணக்கிடுவார்கள் என்று கேளுங்கள். மேல்வீட்டுக் குழாய் உடைந்து உங்கள் 5 வருட லேப்டாப் நனைந்துவிட்டது என்று வையுங்கள். தேய்மானம் கழித்துத் தரும் பாலிசியில் வருகிற பணத்துக்கு ஒரு சார்ஜர் வாங்கலாம். கொஞ்சம் மிகைதான், ரொம்ப இல்லை. பிரீமியம் கூடினாலும் புதுப் பொருளின் விலையைத் தரும் பாலிசியைத்தான் நான் சொல்வேன்.

இன்னொன்று, பொறுப்புக் காப்பீடு, அதாவது உங்களால் அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கான காப்பீடு. உங்கள் வாஷிங் மெஷின் குழாய் கழன்று கீழ்வீடு நனைந்தால், அவர்கள் கேட்கிற நஷ்ட ஈடு உங்கள் பொருட்களின் மொத்த மதிப்பையே தாண்டலாம். இதை விட்டுவிடாதீர்கள். வீடு குடியிருக்க முடியாமல் போனால் வேறிடத்தில் தங்கும் செலவைத் தருகிறார்களா என்றும் பாருங்கள்.

நகைக்கும் ரொக்கத்துக்கும் பெரும்பாலும் தனி உச்சவரம்பு இருக்கும். வெள்ளம், நிலநடுக்கம் சில பாலிசிகளில் உண்டு, சிலவற்றில் தனியாகச் சேர்க்க வேண்டும். பூட்டை உடைத்த அடையாளம் இருந்தால்தான் திருட்டுக்குப் பணம் என்பவர்களும் உண்டு. ஒவ்வொரு க்ளெய்மிலும் முதல் பகுதியை நீங்களே ஏற்க வேண்டியிருக்கும். அந்தத் தொகை அதிகமானால் பிரீமியம் குறையும். கடன் வாங்காமல் உங்களால் புரட்ட முடிகிற தொகையாக அது இருக்கட்டும்.

சரி, உங்கள் நண்பர்? பாலிசியில் அவர் பெயர் இல்லையென்றால் அவருடைய பொருளுக்கு எதுவும் கிடைக்காது. ஆளுக்கொரு பாலிசியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் காலி செய்து போனாலும் மற்றவருடையது பாட்டுக்கு ஓடும்.