ரத்த உறைவும் தமனி வீக்கமும்: கேள்வி பதில்

ஈரோடு: அம்மாவுக்கு ஏ.பி.எஸ். (ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம்) என்ற ரத்தம் உறையும் நோய், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். மூளைத் தமனியில் 4 மி.மீ. அனியூரிசம் (தமனி வீக்கம்) இருப்பது இப்போது தெரிந்தது. மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். வீக்கம் வெடித்தால் வார்ஃபரின் கசிவைப் பெரிதாக்கும், உண்மைதான். ஆனால் நிறுத்தினால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். இவ்வளவு சிறிய வீக்கத்தைப் பெரும்பாலும் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பார்கள். ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை அளவு) டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது, பி.பி. கட்டுக்குள் இருக்க வேண்டும். மூட்டுவலிக்கென்று கடையில் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை வாங்கிப் போடவே கூடாது, வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடும்.

திருச்சி: ஏ.பி.எஸ்.ஸுக்கு வார்ஃபரினுக்குப் பதில் ரிவராக்ஸபான் என்ற புதிய உறைவுத் தடுப்பு மாத்திரை எடுக்கலாமா?

ஏ.பி.எஸ்.ஸுக்கான ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் மூன்று ஆன்டிபாடியும் பாசிட்டிவ் என்றால் வேண்டாம். 2018-ல் வெளியான இத்தாலிய ஆய்வில் ரிவராக்ஸபான் எடுத்தவர்களுக்குத்தான் பக்கவாதமும் மாரடைப்பும் வந்தன. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

நெல்லை: வார்ஃபரின் எடுப்பவர் முருங்கைக்கீரை சாப்பிடலாமா?

சாப்பிடலாம். வாராவாரம் ஒரே அளவு, ஏனென்றால் கீரையிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும்.

கடலூர்: தம்பிக்கு 27 வயது. காலில் ரத்த உறைவு, நுரையீரல் தமனியில் வீக்கம். இருமினால் கைக்குட்டையில் ரத்தம். சீட்டில் 'ஹியூஸ்' என்று இருக்கிறது. அதுவும் ஏ.பி.எஸ்.தானே, வார்ஃபரின் தொடங்கலாமா?

தொடங்காதீர்கள். இன்றே பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஹியூஸ் என்ற பெயரில் இரண்டு நோய்கள் உண்டு. 1983-ல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் விவரித்தது ஏ.பி.எஸ். 1959-ல் வேறொரு ஹியூஸும் ஸ்டோவினும் எழுதியது ஹியூஸ்-ஸ்டோவின்: தம்பிக்கு இருப்பதுபோல ரத்த உறைவோடு நுரையீரல் தமனி வீக்கமும் வருவது. இது ரத்தக்குழாய்களில் அழற்சி உண்டாக்கும் பெஷெட் நோய்க்கு நெருங்கிய உறவு. வாய்ப்புண் அடிக்கடி வருமா, கண் சிவக்குமா என்று கேட்டுப் பாருங்கள். இதில் முதல் வைத்தியம் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டும் சைக்ளோபாஸ்பமைடும்தான். அழற்சி அடங்குவதற்கு முன் வார்ஃபரின் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தான ரத்தப்போக்கு வரலாம்.

மதுரை: ரத்தம் உறைந்தால் அதை இளக்குவதுதானே முறை? நீங்கள் பயமுறுத்துகிறீர்கள்.

ஏ.பி.எஸ்.ஸில் ரத்தமே உறையும் சுபாவத்துக்கு மாறிவிடுகிறது. அதை மாத்திரையால் தடுக்கிறோம். பெஷெட்டில் முதலில் புண்ணாவது ரத்தக்குழாயின் சுவர். உறைந்த ரத்தம் அந்தச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, பிய்ந்து ஓடுவது குறைவு. அதே சுவர்தான் இளகி வீங்குகிறது. அதை ஆற்றாமல் ரத்தத்தை மட்டும் இளக்கி என்ன பயன்?

மதுரை: சரி, ஏற்கெனவே வார்ஃபரின் தொடங்கியிருந்தால்?

அதையும் கையோடு எடுத்துப் போய் அங்கே காட்டுங்கள். முடிவு அவர்களுடையது.

கோவை: அனியூரிசம் இருக்கிறது, வார்ஃபரினை நிறுத்தலாமா?

மூளைத் தமனியில் என்றால் ஈரோட்டுக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள், நுரையீரல் தமனியில் என்றால் கடலூர்க்காரருக்கு எழுதியதை. டைக்ளோஃபெனாக் பற்றிய வரியையும் சேர்த்து.

சேலம்: மனைவிக்கு ஏ.பி.எஸ். கர்ப்பம் இப்போதுதான் உறுதியானது. வார்ஃபரின் சாப்பிடுகிறார்.

நாளை வரை காத்திருக்காதீர்கள். 6 முதல் 12 வாரத்துக்குள் வார்ஃபரின் குழந்தையைப் பாதிக்கும். மகப்பேறு மருத்துவரை இப்போதே அழையுங்கள், ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றிவிடுவார்.