வங்கிக்குப் பூட்டு போடாத எண்

கேள்வி: "உலகிலேயே பெரிய பகா எண்ணை சூப்பர் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டது. நான்கு கோடி இலக்கம். நம் வங்கிக் கணக்குகளுக்கெல்லாம் அதுதான் பூட்டு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறதே, உண்மையா? அப்படியே அதன் கூட்டு எண்ணையும் சொல்லிவிடுங்கள்.
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: இலக்கக் கணக்கு மட்டும் சரி: 4,10,24,320. மற்றதெல்லாம் கை, கால் வைத்தது.

உலகிலேயே பெரிய பகா எண் என்று ஒன்று கிடையாது. அவற்றுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் எப்போதோ நிரூபித்தாயிற்று. இது இதுவரை அகப்பட்டதில் பெரியது, அவ்வளவுதான். 2-இன் அடுக்கு 13,62,79,841. அப்படிப் பெருக்கி வரும் எண்ணில் 1 கழித்தால் இது; 2-இன் அடுக்கில் 1 கழித்துக் கிடைக்கும் பகா எண்ணுக்கு மெர்சென் பகா எண் என்று பெயர். 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். கண்டுபிடித்ததும் சூப்பர் கம்ப்யூட்டர் இல்லை. என்விடியாவில் முன்பு வேலை பார்த்த லூக் டுரான்ட், பல நாடுகளில் இருக்கும் கிளவுட் சர்வர்களின் கிராஃபிக்ஸ் சிப்புகளை வைத்துத் தேடியது.

பூட்டு விஷயம்தான் தமாஷ். தகவலை ரகசியமாகப் பூட்டி அனுப்பும் ஆர்.எஸ்.ஏ. முறையில் இரண்டு பகா எண்களைப் பெருக்கி, விடையை ஊருக்கே சொல்லிவிடுவார்கள். அந்த இரண்டும் எவை என்பதுதான் ரகசியம். தலா 300 இலக்கத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தால் போதும். பேப்பரில் வந்த எண்ணை வைத்துப் பூட்டுவது, வீட்டைப் பூட்டிவிட்டு சாவியைத் தேர்முட்டியில் தொங்கவிடுகிற கதை.

அப்புறம் எதற்கு இந்தத் தேடல்? சோதிக்கும் முறையின் அழகைப் பாருங்கள். 2-இன் அடுக்கு 5, அதாவது 32. ஒன்று கழித்தால் 31. இது பகா எண்தானா? 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் பண்ணி 2 கழித்தால் 14. மறுபடி செய்தால் 194; அதை 31-ஆல் வகுத்து மீதி 8-ஐ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு தரம்: 62. வகுத்தால் மீதி பூஜ்யம். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை, இங்கே மூன்று, செய்து முடிக்கும்போது பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. ஒரு காரணியைக்கூடத் தேட வேண்டாம்! லூகாஸ்-லேமர் சோதனை என்று பெயர். நீங்கள் கேட்ட எண்ணுக்கு இதையே 13,62,79,839 தடவை செய்ய வேண்டும், ஒவ்வொரு தடவையும் கோடிக்கணக்கான இலக்கங்களை வர்க்கம் பண்ணி. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது என்பதால்தான் இத்தனை பாடு. 11-ஐ அடுக்காகப் போட்டால் கிடைக்கும் 2047, வெறும் 23 பெருக்கல் 89.

கூட்டு எண்ணுக்காக நான்கு கோடி இலக்கத்தைக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம். 3, 7 இரண்டை விட்டால் எந்த மெர்சென் பகா எண்ணைக் கூட்டினாலும் 1 அல்லது 4தான் வரும். அடுக்கை 6-ஆல் வகுத்து மீதி 1 என்றால் 1. மீதி 5 என்றால் 4. இதற்கு மீதி 5. ஆக, கூட்டு எண் 4, ராகு. பரிகாரம் வேண்டுமென்றால் திருநாகேஸ்வரம் உங்களுக்குப் பக்கம்தான்.