வாய்க்கால் வெட்டியவர்கள் பெயர் எங்கே?

கேள்வி: மகன் வேலை பார்க்கும் அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தேன். அலமோவும் ஆற்றோர நடைபாதையும் அற்புதம். ஸ்பானியப் பாதிரியார்கள் வந்து, நாடோடிகளாகத் திரிந்தவர்களுக்கு உழைக்கக் கற்றுக்கொடுத்து உருவாக்கிய ஊர், இன்று சுற்றுலாவை வைத்தே செழிப்பாக வாழ்கிறது. நான் புரிந்துகொண்டது சரிதானே?

பதில்: சரியில்லை. நீங்கள் பார்த்த இடங்கள் அழகானவைதான், ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்டது பாதிக் கதை. அதிலும் 'உழைக்கக் கற்றுக்கொடுத்து' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஸ்பானியர்கள் அந்த ஆற்றங்கரைக்கு வந்தது 1691 ஜூன் 13, பதுவை அந்தோணியார் திருநாள். அதனால்தான் ஆற்றுக்கு அவர் பெயர். ஆனால் அங்கே பயாயா என்ற பழங்குடி மக்கள் ஏற்கெனவே இருந்தார்கள், அந்த இடத்துக்கு யானாகுவானா என்று பெயரும் வைத்திருந்தார்கள். எந்தக் கரையில் எப்போது பீக்கன் கொட்டை உதிரும், சப்பாத்திக்கள்ளி எந்த மாதம் பழுக்கும், மான் எங்கே தண்ணீர் குடிக்க வரும் என்றெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு பருவத்துக்குப் பருவம் இடம் மாறியவர்கள். கோவாவில்டெக்கன் என்று பிற்காலத்தில் மொத்தமாகச் சேர்த்துச் சொல்லப்பட்ட பல சிறு குழுக்களில் இவர்களும் ஒன்று. இது உழைப்பு இல்லையா? பிறகு ஏன் பாதிரியார்கள் நடத்திய மிஷன் என்ற குடியிருப்புக்குள் போனார்கள் என்றால், வடக்கே அப்பாச்சி என்ற வேறொரு பழங்குடியினரின் தாக்குதல், தெற்கே ஸ்பானியர்களோடு வந்த நோய்கள், நடுவில் பசி. மிஷனில் சோளமும் மாட்டிறைச்சியும் கிடைத்தது, மதில் இருந்தது. தப்பி ஓடினால் சிப்பாய்கள் போய்த் திரும்ப அழைத்து வந்தார்கள், அதுவும் இருந்தது. 1739இல் அம்மை வந்து அந்த மிஷன்களில் எத்தனையோ குடும்பங்களை வாரிக்கொண்டு போனது.

1718இல் ஒலிவாரெஸ் என்ற பாதிரியார் தொடங்கிய மிஷன்தான் நீங்கள் பார்த்த அலமோ. 1731க்குள் ஆற்றோரமாகச் சுமார் 12 கிலோமீட்டருக்குள் ஐந்து மிஷன்கள் வந்துவிட்டன. மழையை நம்பி அந்த மண்ணில் விவசாயம் செய்ய முடியாது, அதனால் முதல் வேலையே வாய்க்கால். அங்கே அதற்கு அசேக்கியா என்று பெயர். அரபிச் சொல், ஸ்பெயினுக்கே அந்தக் கலை அரபிகள் வழியாக வந்ததுதான். மேலே ஆற்றில் ஓர் அணை, அங்கிருந்து நிலத்தின் சரிவு பார்த்து, தண்ணீர் தானாக நகரும் அளவுக்கு மட்டும் வாட்டம் கொடுத்து வெட்டிக்கொண்டே வர வேண்டும். வாட்டம் கூடினால் கரை அரிக்கும், குறைந்தால் வண்டல் தேங்கும். எஸ்பாடா மிஷன் வாய்க்காலுக்குக் குறுக்கே ஓர் ஓடை வந்தபோது, இரண்டு கல் வளைவுகள் எழுப்பி அதன் மேல் வாய்க்காலைக் கொண்டுபோனார்கள். 1745 வாக்கில் முடிந்த வேலை அது, இன்றும் அதில் தண்ணீர் போகிறது. கல் சுமந்ததும் மண் வெட்டியதும் ஆண்டுதோறும் தூர் வாரியதும் அந்த 'நாடோடிகள்'தான்.

அதே 1731இல் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கனரித் தீவுகளிலிருந்து 56 பேர் வந்து குடியேறினார்கள். அரசரிடமிருந்து பட்டமும் நகர நிர்வாகமும் அவர்களுக்குக் கிடைத்தன. நிலத்தைக் குலுக்கல் போட்டுப் பங்கிட்டதால் ஒரு வயலுக்கு 'சுவெர்த்தே', அதாவது அதிர்ஷ்டம் என்றே பெயர். நிலத்தோடு தண்ணீர் முறையும் சேர்ந்தே வந்தது. அந்தக் குடும்பங்களின் பெயர்கள் இன்றும் ஊரில் பெருமையாகச் சொல்லப்படுகின்றன. வாய்க்கால் வெட்டியவர்களோ ஞானஸ்நானப் பதிவேட்டில் ஸ்பானியப் பெயர்களாக மாறிப்போனார்கள். ஆனால் அழிந்துவிடவில்லை, அவர்கள் வழிவந்தவர்கள் அதே ஊரில் வாழ்கிறார்கள்.

அப்புறம் செழிப்பு. பயாயா மக்களின் பசியைத் தீர்த்த அதே பீக்கன் கொட்டை இருபதாம் நூற்றாண்டில் அந்த ஊரில் பெரிய தொழிலானது. உடைத்துப் பருப்பெடுக்கும் வேலை மெக்சிகோ வம்சாவளிப் பெண்களுக்கு. இருட்டான கொட்டகை, நீண்ட பெஞ்சுகளில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து விரலால் ஓட்டை நீக்கிக்கொண்டே இருக்க வேண்டும், பழுப்பு நிறத் தூசி மூச்சோடு உள்ளே போகும், அந்தப் பகுதியில் காசநோய் தலைவிரித்தாடியது. வாரம் முழுக்க உழைத்தால் 2, 3 டாலர். அந்தக் கூலியிலும் பவுண்டுக்கு ஒரு சென்ட் குறைத்தபோதுதான், 1938 ஜனவரி 31 அன்று ஏறக்குறைய 12,000 பேர் எழுந்து வெளியே வந்தார்கள். முன்னால் நின்ற எம்மா தெனயூகாவுக்கு அப்போது வயது 21. கண்ணீர்ப்புகை, நூற்றுக்கணக்கில் கைது, எல்லாம் நடந்தது, அசையவில்லை. அதே ஆண்டு மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் வந்ததும் முதலாளிகள் இயந்திரங்களை இறக்கினார்கள், ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. போராடி ஜெயித்தவர்களுக்கு இப்படி நடந்ததை இன்று படித்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

நீங்கள் ரசித்த நடைபாதைக்கும் ஒரு பின்கதை உண்டு. 1921 செப்டம்பர் வெள்ளத்தில் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் மேற்குப் பக்கத்து ஓடைகளின் கரையில் குடிசை போட்டிருந்த மெக்சிகோ வம்சாவளி ஏழைகள். நகராட்சி என்ன செய்தது? ஓல்மோஸ் அணையைக் கட்டிக் கடைவீதியைக் காப்பாற்றியது. ஆற்றின் வளைவையே மூடிச் சாக்கடையாக்கும் யோசனை கிளம்பியபோது ஊர்ப் பெண்கள் சங்கம் வைத்து எதிர்த்தார்கள். 1929இல் ராபர்ட் ஹக்மன் என்ற கட்டடக் கலைஞர் நடைபாதைத் திட்டம் போட்டார், 1939 முதல் 1941 வரை அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் அதைக் கட்டினார்கள். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மேற்கே ஓடைகள் அப்படியே கிடந்தன, மழைக்கு மழை வீட்டுக்குள் தண்ணீர். 1974இல் அந்த மேற்குப் பக்கத்துத் தேவாலயங்களின் மக்கள் காப்ஸ் என்ற அமைப்பாகத் திரண்டார்கள். தங்கள் வடிகால் திட்டங்கள் 1945 முதல் காகிதத்திலேயே இருப்பதைத் தேடிப் பிடித்தார்கள். நகரத்தின் பெரிய வங்கி ஒன்றில் வரிசையில் நின்று, டாலரைச் சில்லறை சென்ட்டாகவும் சில்லறையை மறுபடி டாலராகவும் மாற்றச் சொல்லி நாள் முழுக்க வேலையை நிறுத்தினார்கள். இப்படி விடாமல் நெருக்கியதால்தான் வடிகால்கள் வந்தன.

சுற்றுலா மட்டும் சோறு போடும் ஊரும் இல்லை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அங்கே ராணுவம் இருக்கிறது. 1917இல் தொடங்கிய கெல்லி விமானத் தளத்தின் பட்டறைகளில் மெக்கானிக் வேலை பார்த்துத்தான் எத்தனையோ மேற்குப் பக்கத்துக் குடும்பங்கள் முதன்முதலாகச் சொந்த வீடு வாங்கின. 2001இல் அந்தத் தளம் மூடப்பட்டாலும் ஊரின் மிகப் பெரிய வேலைவாய்ப்பு இன்றும் ராணுவத் தளங்கள்தான். டொயோட்டா 2006 முதல் டிரக் தயாரிக்கிறது. வலேரோ என்ற எண்ணெய் நிறுவனம் தன் பெயரையே அலமோ மிஷனிலிருந்து எடுத்துக்கொண்டது. இத்தனையும் இருந்தும் அமெரிக்கப் பெருநகரங்களில் வறுமை அதிகமுள்ளவற்றில் அதுவும் ஒன்று. ஓட்டல் அறையில் விரிப்பு மாற்றுகிறவர்களின் சம்பளத்தை நீங்கள் சொல்லும் செழிப்பில் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஊர் பெருகப் பெருக நிலத்தடி நீரை உறிஞ்சியதில் ஆற்றின் ஊற்றுகள் மெலிந்துவிட்டன. உங்கள் படகு மிதந்த தண்ணீரில் ஒரு பங்கு சுத்திகரித்த கழிவுநீர்.

அடுத்த முறை போகும்போது, மகனிடம் சொல்லித் தெற்கே எஸ்பாடாவுக்கு ஒரு நாள் காரில் போய் வாருங்கள். கீழே ஓடை, மேலே இரண்டு வளைவுகள், கல்லில் கை வைத்துப் பார்க்கலாம். வாய்க்காலில் தண்ணீர் சத்தமில்லாமல், நடந்துபோகிற வேகத்தில்கூட இல்லாமல், வயல் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும்.