450 குதிரைத்திறன் ஏற்காட்டுக்குப் போதுமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்கிறேன். பல வருட ஆசையாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறேன், பழையதுதான். போர்ஷே 911 கரேரா எஸ், ஆடி ஆர்8 வி10 பிளஸ், நிஸான் ஜி.டி.ஆர் மூன்றையும் பார்த்துவைத்திருக்கிறேன். மனம் போர்ஷேயில் நிற்கிறது. "450 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு ஆடியின் 610-ஐ எப்படிப் பிடிப்பீர்கள்?" என்று மைத்துனர் கேலி செய்கிறார். ஞாயிறு அதிகாலை ஏற்காடு, மாதம் ஒருமுறை பெங்களூர், இவ்வளவுதான் என் ஓட்டம். உண்மையில் எது வேகம்?

பதில்: உங்கள் ஓட்டத்துக்குப் போர்ஷேதான். உங்கள் மைத்துனர் சொல்லும் எண்களில் பிழை இல்லை. அவை எந்த இடத்தில், எப்படி எடுக்கப்பட்டவை என்பதைத்தான் அவர் கேட்கவில்லை.

நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஆர்8 வி10 பிளஸுக்கு 3.2 விநாடி என்கிறது நிறுவனம். 2019-இல் வந்த தலைமுறைக் கரேரா எஸ்ஸுக்கு 3.7, ஸ்போர்ட் குரோனோ என்ற கூடுதல் வசதி இருந்தால் 3.5. ஜி.டி.ஆர் 3 விநாடியை ஒட்டி வரும். இவையெல்லாம் சமதளத்தில், காய்ந்த தரையில், டயரைச் சூடேற்றி, இரண்டு மிதிகளையும் அழுத்திப் பிடித்துக் கணினி உதவியோடு பாயவிட்டு எடுப்பவை. அமெரிக்கப் பத்திரிகைகள் பலவற்றில் கார் நகரும் முதல் ஓர் அடியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, அதிலேயே 0.2 அல்லது 0.3 விநாடி குறைந்துவிடும். ஒரு காரின் எண்ணை நிறுவனத்திடமிருந்தும் இன்னொன்றின் எண்ணைப் பத்திரிகையிலிருந்தும் எடுத்து ஒப்பிடுவது, இரண்டு கடைத் தராசுகளில் நிறுத்த கொலுசுகளை ஒப்பிடுவது போன்றது. அதை நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.

இனி உங்கள் சாலைக்கு வருவோம். கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஏறத் தொடங்கினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவின் ஆரம் 12 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த சாலையில், காரின் எடை எவ்வளவோ அவ்வளவு பலத்தோடு டயர்கள் பக்கவாட்டிலும் பிடித்துக்கொள்கின்றன என்றால், அந்த வளைவைச் சுற்ற முடிகிற உச்ச வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் இஞ்சினுக்கு இடமே இல்லை. 450 குதிரைத்திறனுக்கும் 39 தான், 610-க்கும் 39 தான். சாதாரண டயர் போட்ட குடும்பக் கார் அதே வளைவை 33-இல் சுற்றும். 20 வளைவுகளையும் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் சுமார் 13 விநாடி. முன்னால் ஒரு பேருந்து போனால் ஒரே வளைவில் அது கரைந்துவிடும்.

வளைவிலிருந்து வெளியே வரும் கணம்தான் மூன்று கார்களும் உண்மையில் வேறுபடும் இடம். 39 கிலோமீட்டர் வேகத்தில், இரண்டாம் கியரில், எந்த இஞ்சினும் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு முன்பின்தான் ஓடிக்கொண்டிருக்கும். கரேரா எஸ்ஸின் 3 லிட்டர் டர்போ இஞ்சின், அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் விசிறி உள்ள இஞ்சின், தன் முழு முறுக்குவிசையான (சக்கரத்தைத் திருப்பும் பலம்) 530 நியூட்டன் மீட்டரை 2,300 சுற்றிலேயே கொடுக்கத் தொடங்கி 5,000 வரை விடாமல் கொடுக்கிறது. ஆர்8-க்கு 560 உண்டு, ஆனால் அதை எட்ட 6,500 சுற்று வேண்டும். 610 குதிரைத்திறன் முழுவதும் கிடைப்பது 8,250-இல். முதல் கியருக்கு இறக்கினால் ஆர்8 சீறும். அடுத்த வளைவு வருவதற்குள் அந்தச் சீற்றத்தைச் செலவழிக்கத்தான் இடம் இருக்காது. ஜி.டி.ஆர் 3,300 சுற்றிலிருந்து 637 நியூட்டன் மீட்டர் கொடுக்கும், நான்கு சக்கரங்களும் இழுக்கும்; ஏற்றத்தில் அதுவே பலசாலி என்பதை மறைக்க மாட்டேன். போர்ஷேக்கு இஞ்சின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருப்பதால், ஏற்றத்தில் எடை இன்னும் பின்னுக்குச் சாய்ந்து சக்கரம் சுழலாமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டு சக்கரங்களே இழுக்கும் காரில் இது பெரிய வரம்.

மைத்துனரிடம் சொல்ல இன்னொரு செய்தி. டர்போ இல்லாத இஞ்சின் சுற்றியிருக்கும் காற்றை அப்படியே உறிஞ்சுவது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆர்8-இன் 610-இல் 80, 90 குதிரைத்திறன் ஏரிக்கரைக்குப் போய்ச் சேரும்போது இருக்காது. டர்போ இஞ்சின் சற்று வேகமாகச் சுழன்று அந்தக் குறையை ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். டர்போவின் எதிரி வெயில். சித்திரை மாதம் சேலத்தில் 40 டிகிரி கொதிக்கும்போது, ஊர்ந்து போகும் நெரிசலில், உள்ளே போகும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்கு எதிர்க்காற்றே கிடைக்காது. அப்போது மிதித்தால் கார் சோம்பும். உங்கள் அதிகாலைப் பழக்கம் இதற்கும் நல்லது.

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குக் கவலை இறங்குவதில்தான். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். அவ்வளவு உயரம் இறங்கும் காரைப் பிரேக்கால் மட்டும் பிடித்தால், நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து 25 முறை அடுத்தடுத்து நிறுத்திய சூடு தட்டுகளில் ஏறும். கார் கனமானால் சூடும் கூடும்: ஜி.டி.ஆர் சுமார் 1,750 கிலோ, கரேரா எஸ் 1,515. எப்போதும் மூன்று பேரைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு இறங்குவதற்குச் சமம். எந்தக் காரானாலும் கியரைத் தானியங்கியில் விடாதீர்கள். அது எரிபொருள் மிச்சம் பிடிக்க மேல் கியருக்குத் தாவிவிடும். ஸ்டியரிங் பின்னால் இருக்கும் இடது துடுப்பை இழுத்து இரண்டாம் கியரில் நிறுத்துங்கள், இஞ்சினே பிடித்துக்கொள்ளும். போர்ஷேக்கு மூக்கு இலேசு. ஈர வளைவில் பிரேக்கை மிதித்தபடியே திருப்பினால் முன்சக்கரம் நேராக வழுக்கிப் போகப் பார்க்கும். வேகத்தை முன்பே குறைத்துவிட்டுத் திருப்ப வேண்டும். மழை விட்ட காலையில் சில்வர் ஓக் சருகு ஒட்டிக்கிடக்கும் திருப்பத்தில் இதை நானே உணர்ந்து நெஞ்சு பதறியிருக்கிறேன். பந்தயத் தடத்துக்கென்று செய்த டயர் போட்ட காரை யாராவது விற்றால், மலைக்கு அந்த டயர் வேண்டாம்.

அகலத்தையும் பாருங்கள். கண்ணாடிகளைச் சேர்க்காமல் ஆர்8 1.94 மீட்டர், ஜி.டி.ஆர் 1.9-ஐ ஒட்டி, கரேரா எஸ் 1.85. எதிரே இரண்டரை மீட்டர் அகலப் பேருந்து திரும்பும் வளைவில் அந்த ஒன்பது சென்டிமீட்டர் உங்கள் சக்கர விளிம்பைக் காப்பாற்றும். இறங்கும்போது ஏறும் வண்டிக்கு நீங்கள்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது சட்டமும்கூட.

பெங்களூர் சாலையில் மூன்றும் ஒன்றுதான். தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்கு நடுவே எந்தக் காருக்கும் தனி மரியாதை கிடையாது.

ஆர்8 எங்கே வெல்லும் என்றும் சொல்ல வேண்டும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் 3.7 கிலோமீட்டர் சுற்றில் அது போர்ஷேயைப் பின்னால் விட்டுவிடும். 8,000 சுற்றைத் தாண்டும் அந்த வி10 ஒலியை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். டர்போ இல்லாத அப்படியொரு இஞ்சின் இனி வருவது அரிது. அதற்காகவே ஒருவர் ஆர்8 வாங்கினால் நான் மறுக்க மாட்டேன். மைத்துனரைத் தடத்துக்கு அழைத்துப்போய் அவர் ஆசையைத் தீர்த்துவையுங்கள்.

போர்ஷேயைப் பார்க்கப் போகும்போது, முன்பக்கத்தைத் தூக்கிக்கொடுக்கும் வசதி உள்ள காரையே தேடுங்கள். பொத்தானை அழுத்தினால் மூக்கு சுமார் 4 சென்டிமீட்டர் உயரும். உங்கள் தெரு வேகத்தடைக்கும் வளைவின் செங்குத்தான உள்விளிம்புக்கும் அது இல்லாமல் முடியாது. விற்பவர் முன்னிலையிலேயே நாலைந்து முறை தூக்கி இறக்கிப் பாருங்கள். முன் பம்பரின் அடியில் கைவிட்டுத் தடவி உரசல் எவ்வளவு என்று பாருங்கள். பிரேக் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது கேளுங்கள். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வது, சூடேறினால் கொதித்து மிதி பொசுக்கென்று உள்ளே போகும். இரண்டு வருடம் தாண்டியிருந்தால், அதை மாற்றிய பிறகே காரை மலைக்கு எடுத்துச் செல்லுங்கள்.