ரேடியேட்டரில் குறையும் தண்ணீர் எங்கே போகிறது?

கேள்வி: என்னுடைய கார் 2006-இல் பதிவான சிறிய பெட்ரோல் வண்டி. பத்து நாட்களுக்கு ஒரு முறை ரேடியேட்டரில் ஏறக்குறைய அரை லிட்டர் குறைகிறது. ஆனால், பக்கத்திலுள்ள ரிசர்வ் டேங்க் எப்போதும் மேல்கோடு வரை நிறைந்தே நிற்கிறது. வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூடக் கிடையாது. வேளச்சேரி வழியாகத் தாம்பரம் போகும் நெரிசலில் வெப்ப ஊசி பாதியைத் தாண்டிச் சற்று ஏறுகிறது. மூன்று மாதங்களுக்கு முன் புது ரேடியேட்டர் போட்டும் குறைவது நிற்கவில்லை. இப்போது மெக்கானிக் எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்கிறார். குறையும்போதெல்லாம் வீட்டுப் போர்த் தண்ணீரைத்தான் ஊற்றி வருகிறேன். ஹெட்டைக் கழற்ற ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகர், ஆதம்பாக்கம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ரேடியேட்டரில் குறையும்போதும் ரிசர்வ் டேங்க் நிறைந்தே நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியில்தான் விஷயம் இருக்கிறது. எஞ்சின் சூடேறும்போது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) விரிந்து, ரேடியேட்டர் மூடியிலுள்ள ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு, சிறு ரப்பர் குழாய் வழியாக ரிசர்வ் டேங்குக்குப் போகும். எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடியின் நடுவிலுள்ள சிறிய வால்வு திறந்து, போன கூலன்ட் அதே குழாய் வழியாகத் திரும்ப உறிஞ்சப்படும். ஆகவே, எல்லாம் ஒழுங்காக இருக்கும் வண்டியில் சிறு கசிவு ஏற்பட்டால், முதலில் இறங்க வேண்டியது ரிசர்வ் டேங்கின் மட்டம்தான். உங்கள் வண்டியில் அது இறங்கவில்லை என்றால் உறிஞ்சுதல் நடக்கவில்லை என்று பொருள்.

அப்படி நடக்காமல் போவதற்கு மூன்று காரணங்களைச் சந்தேகிக்கலாம். மூடியின் வால்வு கெட்டிருக்கலாம், அல்லது ரிசர்வ் டேங்குக்குப் போகும் குழாய் வெடித்திருக்கலாம். இது முதல் சந்தேகம். எங்கோ ஓர் ஊசித்துளை இருந்து, சூட்டில் அதன் வழியே கூலன்ட் வெளியேறி, ஆறும்போது அதே துளை வழியே காற்று உள்ளே இழுக்கப்படலாம், இது இரண்டாவது. மூன்றாவதுதான் உங்கள் மெக்கானிக் சந்தேகிக்கும் ஹெட் கேஸ்கெட், அதாவது ஹெட்டுக்கு அடியில் கசிவில்லாமல் அடைக்கும் தகடு. அது விட்டுப்போயிருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட் வழித்தடத்துக்குள் புகுந்து, கூலன்டை ரிசர்வ் டேங்குக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். செலவு மிகுந்த மூன்றாவதிலிருந்து தொடங்குவானேன்?

மூடியை முதலில் பாருங்கள். புது ரேடியேட்டர் போட்டபோது பழைய மூடியையே திருகிவிடுவது நம் பட்டறைகளில் வழக்கம். உங்கள் வண்டியிலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். மூடியின் தலையில் 0.9 அல்லது 1.1 என்பது போன்ற ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். சதுர சென்டிமீட்டருக்கு அத்தனை கிலோ அழுத்தம் வரை அது தாங்கிப் பிடிக்கும் என்பதே அதன் பொருள். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் வெறும் தண்ணீர், 0.9 அழுத்தத்தில் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடியில் இந்த வாய்ப்புப் போய்விடுவதால், கத்திரி வெயில் நெரிசலில் கூலன்ட் முன்கூட்டியே கொதித்து, ரிசர்வ் டேங்கை நிரப்பி, மிஞ்சியது ஓடும் சாலையிலேயே சிந்திவிடும். வீட்டு வாசலில் நீங்கள் ஈரத்தைத் தேடிப் பயனில்லை. அதே எண்ணுள்ள புது மூடியை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் எந்த உதிரிபாகக் கடையிலும் வாங்கலாம். கூடவே, ரிசர்வ் டேங்குக்குப் போகும் குழாயின் இரண்டு முனைகளையும் வளைத்துப் பாருங்கள். இருபது ஆண்டு வெப்பத்தில் அந்த ரப்பர் பொதுவாக வெடித்துத்தான் இருக்கும்.

மூடியை மாற்றியும் குறைந்தால் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். சைக்கிள் பம்ப் போன்ற ஒரு கைப்பம்பும் அளவுமானியும் கொண்ட கருவியை, எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும்போது மூடியின் இடத்தில் பொருத்தி, மூடியிலுள்ள எண் அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஊசி இறங்கினால் டார்ச் விளக்கோடு தேடலாம். சூட்டில் 90 டிகிரியைத் தொடும் எஞ்சின்மேல் கசியும் சொட்டு, தரைக்கு வருமுன்பே ஆவியாகிவிடும். ஆனால் ஆறிய எஞ்சினில் அது ஒளிந்துகொள்ள முடியாது. ஏற்கெனவே ஆவியானதும் தடம் வைத்துவிட்டுத்தான் போகும்: வெள்ளை அல்லது வெளிர்பச்சைப் பொருக்கு எங்கே படிந்திருக்கிறதோ அங்கே கையை வையுங்கள்.

உங்கள் வண்டியில் நான் முதலில் தேடும் இடம், எஞ்சினுக்குப் பின்புறம் கைக்கெட்டாமல் ஓடும் இரும்புக் குழாய். அது உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டையாகும். கடலோரச் சென்னையில் பல இடங்களில் உப்பேறியிருக்கும் போர்த் தண்ணீர் அதற்கு நல்ல உரம். அடுத்தது வாட்டர் பம்ப், பட்டறை மொழியில் 'வாட்டர் பாடி'. அதன் அடியில் ஒரு சிறு துளை வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். உள்சீல் தேய்ந்தால் அந்தத் துளை வழியே கசிந்து எச்சரிப்பதற்காகத்தான் அது, அதை அடைத்துவிடக் கூடாது. எஞ்சினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் சுழற்றும் பம்பாக இருந்தால், இரண்டையும் ஒரே கூலியில் சேர்த்து மாற்றுங்கள். தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலன்டுக்கு வழி திறக்கும் வால்வு) கூடு, மேல்கீழ் ஹோஸ்களின் கிளிப் ஆகியவை சாதாரண வேலை. பிறகு ஹீட்டர்: சென்னையில் ஹீட்டரைப் போட்டவர் யார் என்று கேட்கலாம், ஆனால் அதன் குழாய்களில் கூலன்ட் இருந்துகொண்டேதான் இருக்கிறது. டாஷ்போர்டுக்கு அடியிலுள்ள கம்பளத்தைத் தொட்டுப் பாருங்கள்; பிசுபிசுப்பாக இருந்து, கண்ணாடியின் உட்பக்கம் எண்ணெய்ப் படலம் போலப் படிந்தால் ஹீட்டருக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோர் ஒழுகுகிறது.

இத்தனைக்கும் பிறகுதான் ஹெட். அதையும் கழற்றாமலே அறியலாம். காலையில் ஆறிய எஞ்சினை இயக்கி, ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல் போல் இறுகுகிறதா என்று பிடித்துப் பாருங்கள்; சூடேறுமுன் அழுத்தம் வருகிறதென்றால் அது சிலிண்டரில் எரிந்த வாயுவின் வேலை. ரேடியேட்டரின் வாயில் குமிழ்கள் நிற்காமல் வருவதும் அதே அறிகுறி. உறுதி செய்ய, ரேடியேட்டர் வாயிலுள்ள காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியே உறிஞ்சும் சோதனை உண்டு. பெட்ரோல் எஞ்சினின் எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். நிறம் மாறினால் மட்டும் ஹெட்டைக் கழற்றச் சம்மதியுங்கள். கழற்றினால் லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்காமல் திரும்பப் பூட்டக் கூடாது. ஆயில் மூடியில் தெரியும் சிறிது வெண்ணுரையைக் காட்டி யாரும் பயமுறுத்தினால் மிரள வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் மழைக்கால ஈரமும் அப்படித்தான் காட்டும்.

கசிவை அடைத்த பின் பழைய தண்ணீர் முழுவதையும் வடித்து, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட் கான்சன்ட்ரேட்டும் சரிபாதியாகக் கலந்து நிரப்புங்கள். பனி உறையாத ஊரில் கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள், துருவைத் தடுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடியே ஆறிய எஞ்சினை இயக்கி, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்க இறங்க ஊற்றினால் உள்ளே காற்று சிக்கி வழியடைக்கும் காற்றுப் பூட்டு விழாது. கசிவடைக்கும் பொடியைக் கொட்டச் சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள். அது ஓட்டையோடு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும்.

கேள்வி: வண்டியை நிறுத்திய பிறகு முன்பக்கம் இடதுபுறம் தண்ணீர் சொட்டுகிறது. கூலன்டா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: ஏசி ஓடிய பிறகு மட்டும் சொட்டி, நிறமும் மணமும் இல்லாமல் இருந்தால் அது ஏசியில் குளிர்ந்த காற்றின் ஈரம், சொட்டாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். பச்சையோ சிவப்போ கலந்து வழவழப்பாக இருந்தால் கூலன்ட். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், அது இனிக்கும் நஞ்சு. தெருநாயும் பூனையும் நக்காதபடி உடனே கழுவிவிடுங்கள்.

கேள்வி: ஜிஎஸ்டி சாலை நெரிசலில் ஊசி சிவப்புக்கு ஏறினால் என்ன செய்வது?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுவதும் திறந்து, ஓரமாக ஒதுங்குங்கள். ஆவி வந்தாலோ மின்விசிறி சுழலாவிட்டாலோ எஞ்சினை அப்போதே நிறுத்துங்கள். ஏறிய ஊசி திடீரென்று இறங்கினால் மகிழ வேண்டாம்; சென்சாரைத் தொடும் அளவுக்குக்கூட கூலன்ட் இல்லாமல் போயிருக்கலாம். முக்கால் மணி நேரம் ஆறாமல் மூடியைத் தொடாதீர்கள். அவசரத்துக்குக் கையிலுள்ள தண்ணீரை ஊற்றலாம், ஆனால் ஆறிய பிறகே. வறண்டு கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீர் பட்டால் அலுமினிய ஹெட் வளையும், வெடிக்கவும் செய்யும்.