நாட்டுத் தட்டைப்பயறில் 180 மில்லிகிராம் இரும்பா?

கேள்வி: தலைமுறையாக நாங்கள் விதைக்கும் நாட்டுத் தட்டைப்பயறை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன். கிலோவுக்கு 180 மில்லிகிராம் இரும்பு என்று முடிவு வந்தது. இதிலிருந்தே சத்தான ரகம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஆசை. சத்து கூடினால் மகசூல் அடிபடும் என்கிறார்களே, உண்மையா? – வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்.

பதில்: முதலில் அந்த 180-ஐ அப்படியே நம்பிவிடாதீர்கள். ஆய்வகத்தைக் குறை சொல்லவில்லை. பயறோடு உங்கள் களத்து மண்ணும் சேர்ந்து போயிருக்கும் என்றுதான் சந்தேகிக்கிறேன். செம்மண்ணில் நூற்றுக்கு நான்கு பங்கு இரும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ பயறில் மூன்று கிராம் புழுதி ஒட்டியிருந்தாலே 120 மில்லிகிராம் கணக்கில் ஏறிவிடும். மிச்சம் 60தான் பயறுக்குச் சொந்தம். ஆராய்ச்சியாளர்கள் இரும்போடு அலுமினியத்தையும் சேர்த்து அளப்பது இதற்காகத்தான். செடி அலுமினியத்தை விதைக்குள் அதிகம் ஏற்றாது. அது கூடியிருந்தால் மண் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

இனி மகசூலுக்கு வருவோம். எல்லாச் சத்தையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவதால் வரும் குழப்பம் இது. ஏக்கருக்கு 400 கிலோ விளைகிறது என்று கொள்வோம். கிலோவுக்கு 50 மில்லிகிராம் இரும்பு என்றால் மொத்தம் 20 கிராம். அதை 100 ஆக்கினால் 40 கிராம். ஒரு ஏக்கர் செடி முழுவதும் சேர்ந்து கூடுதலாக ஏற்ற வேண்டியது வெறும் 20 கிராம். இதற்காகக் காயைக் குறைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் செடிக்கு இல்லை. புரதம் வேறு கதை. 22 சதவீதத்தை 26 ஆக்க அதே ஏக்கரில் 16 கிலோ புரதம் கூடுதலாக வேண்டும். ஒரு கிராம் புரதம் செய்ய, ஒரு கிராம் மாவுச்சத்துக்கு ஆவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சர்க்கரை செலவாகும். நீங்கள் கேள்விப்பட்ட பேச்சுக்குப் புரதத்தில் நியாயம் உண்டு. சோயாவில் அது நன்றாகவே தெரியும்.

இரும்பிலும் சில நேரம் மகசூல் இறங்கத்தான் செய்கிறது. ஆனால் குற்றவாளி இரும்பு அல்ல, அதைக் கொடுக்கும் செடி. இரும்பு மிகுந்தவை பல சமயம் காட்டு இனமாகவோ, பொடி விதையுள்ள பழைய வகையாகவோ இருக்கும். ஒட்டுச் சேர்க்கும்போது அவற்றின் கோளாறுகளும் கூடவே வரும். நல்ல ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலந்துதான் கழிக்க வேண்டும். ருவாண்டாவில் பீன்ஸ் அன்றாடச் சாப்பாடு. அங்கே கிலோவுக்குச் சுமார் 50 மில்லிகிராமாக இருந்த இரும்பை 94-க்குக் கொண்டுபோவது இலக்கு. விளைச்சல் இல்லாவிட்டால் உழவர் சீந்த மாட்டார் என்பதால் மகசூலையும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 86 மில்லிகிராம் இரும்புள்ள பீன்ஸை 128 நாள் சாப்பிட்ட கல்லூரி மாணவிகளின் உடலில் இரும்பு கூடியது 2016-ல் வெளியான ஆய்வில் தெரிந்தது. இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும் பைட்டிக் அமிலத்தைக் குறைத்தும் பீன்ஸ் உருவாக்கிப் பார்த்தார்கள். அது சரியாக வேகவில்லை!

தட்டைப்பயறிலேயே பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பந்த் லோபியா 1 (2008), பந்த் லோபியா 2 (2010) இருக்கின்றன. இரும்பு முறையே 82, 100 மில்லிகிராம். ஆனால் அவை வடக்கத்தி மண்ணுக்கு வந்தவை. விதை கிடைத்தால் இரண்டு சென்ட்டில் உங்கள் பயறுக்குப் பக்கத்திலேயே போட்டு, இரண்டு பட்டம் பாருங்கள்.

உங்கள் விதையிலேயே தேர்வு செய்வதென்றால் மகசூலில் தொடங்குங்கள். கறுப்பாக, சிவப்பாக இருந்தால் இரும்பு அதிகம் என்பது கட்டுக்கதை. தோலின் நிறம் வேறு பொருள்களால் வருவது. தட்டைப்பயறு பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் ஒரு செடியின் விதை அடுத்த பட்டமும் ஏறக்குறைய அதே குணத்தோடு வரும். அசுவினி தாக்காமல் கொத்துக்கொத்தாகக் காய்த்த இருபது செடிகளுக்கு வண்ண நூல் கட்டுங்கள். அடுத்த பட்டத்தில் செடிக்கு ஒரு வரிசை. காய்ப்பில் பின்தங்கிய வரிசைகளைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் இரும்புக்குச் சோதியுங்கள். சோதனைக் கட்டணமும் மிச்சம்.

சோதனைக்குக் கொடுப்பதை மட்டும் களத்தில் போட்டு அடிக்காதீர்கள். காய்ந்த காயைச் செடியிலிருந்தே கையால் பறித்து, சுத்தமான துணிமேல் உரித்து, இரும்பு முறம், சல்லடை எதுவும் படாமல் புதுக் காகித உறையில் போட்டுக் கொடுங்கள். அலுமினியமும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.